மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: வாழ்க்கை ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது?

காரைக்குடி பக்கம் சிலரிடம் "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டால் முகம் மாறிவிடும். பொறியியல் முடித்துவிட்டு தேவகோட்டையில் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருக்கிற பையன், சிங்கப்பூர் வேலை முடிந்து ஊருக்கு வந்து அடுத்து என்ன என்று தெரியாமல் இருக்கிற நாற்பது வயதுக்காரர், மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட பெண், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சி. நான்கு பேருடைய கதையும் வேறு வேறு. ஆனால் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "எல்லாம் அப்படியே நிக்குது, நகர மாட்டேங்குது."

இதற்கு ஊரில் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. சோம்பேறித்தனம் என்பார் ஒருவர். ஏழரைச் சனி, பிள்ளையார்பட்டிக்கு ஒரு நடை போய்ட்டு வா என்பார் இன்னொருவர். மூன்றாவது பதில் கைபேசியில் வரும்: விடியற்காலை நாலு மணிக்கு எழு, பெரிதாகக் கனவு காண், மனசு வைத்தால் எதுவும் முடியும். பிள்ளையார்பட்டிக்குப் போவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, போய் வந்தால் மனதுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மூன்றுமே காரணத்தைத் தேடாமல் மருந்து சொல்கின்றன. மருந்து பலிக்காதபோது பழி நின்றுபோனவர் தலையிலேயே விழுகிறது. "இவ்வளவு சொல்லியும் நகரலையே, அப்ப குறை நம்மகிட்டதான்" என்று அவரும் நம்பிவிடுகிறார். இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அந்த நம்பிக்கைதான், ஏனென்றால் அது பெரும்பாலும் பொய்.

மனநல ஆராய்ச்சியும் பொருளாதார ஆராய்ச்சியும் இதைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக நிறையக் கண்டுபிடித்திருக்கின்றன. அதில் அடிப்படையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலில் மோட்டாரைப் பார்ப்போம்

வீட்டுக் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டால் சத்தம் வருகிறது, கையை வைத்தால் அதிர்கிறது, மீட்டர் ஓடுகிறது. மாடித் தொட்டியில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் மோட்டாரைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டார். வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார். ஃபுட்வால்வு கசிந்து குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். வழியில் எங்காவது கேட்வால்வை யாராவது மூடி வைத்திருக்கிறார்களா, கிணற்றில் தண்ணீரே கீழே போய்விட்டதா என்றும் பார்ப்பார். வெளியே தெரிகிற கோளாறு ஒன்று, உள்ளே காரணம் நாலு. காற்றுப் பிடித்த மோட்டாருக்கு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினால் காசுதான் போகும்.

வாழ்க்கை நிற்பதும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் சும்மா இருப்பதாகத் தெரியும். உள்ளே மோட்டார் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, இரவு ஒரு மணிக்கும் ஓடுகிறது, அதனால்தான் ஒன்றும் செய்யாத மனிதர் காலையில் அவ்வளவு களைப்போடு எழுந்திருக்கிறார்.

சரி, இதுவரை சொன்னது இவ்வளவுதான்: நின்றுபோன உணர்வு ஒரு அறிகுறி. அதற்குக் காரணம் பல. காரணத்துக்குத் தகுந்த மாதிரிதான் வழியும் மாறும்.

செய்தாலும் ஒன்றுதான், செய்யாவிட்டாலும் ஒன்றுதான்

முதல் காரணம்தான் மிக முக்கியமானது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

1967-ல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படிக்கவே மனசு கஷ்டப்படுகிற சோதனை. ஒரு கூட்டம் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பக்கத்தில் உள்ள பலகையைத் தலையால் தள்ளினால் அது நின்றுவிடும். இரண்டாவது கூட்டத்துக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. முதல் கூட்டத்து நாய் தள்ளும்போதுதான் இவற்றுக்கும் நிற்கும். மூன்றாவது கூட்டத்துக்கு அதிர்ச்சியே இல்லை.

அடுத்த நாள் எல்லா நாய்களையும் நடுவில் தாழ்ந்த தடுப்பு உள்ள ஒரு பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் அதிர்ச்சி இல்லை. முதல் கூட்டமும் மூன்றாவது கூட்டமும் சீக்கிரமே தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை தாண்டவே முயலவில்லை. முனகிக்கொண்டு அப்படியே படுத்துவிட்டன. முதல் இரண்டு கூட்டமும் பட்ட வலி ஒரே அளவு என்பதை மறந்துவிட வேண்டாம். வலியால் மட்டும் அவை முடங்கவில்லை, "நான் செய்வதற்கும் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை" என்ற அனுபவத்தால் முடங்கின. இதற்கு வைத்த பெயர் கற்றுக்கொண்ட கையறுநிலை. அதாவது, முயற்சிக்கும் பலனுக்கும் தொடர்பு அறுந்துபோனதைப் பலமுறை பார்த்தபிறகு, தொடர்பு இருக்கிற இடத்திலும் முயற்சி செய்யாமல் இருப்பது.

இதே ஆராய்ச்சியாளர்கள் ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், தங்கள் விளக்கத்தைத் தாங்களே தலைகீழாகத் திருப்பினார்கள். நடுவில் மூளையைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது. நீண்ட நேரம் துன்பம் தொடர்ந்தால் மூளைத்தண்டில் உள்ள ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் கிளர்ந்து உடலை முடக்குகிறது. இதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, அது உடம்பின் இயல்பு. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி "இங்கே என் செயலுக்குப் பலன் இருக்கிறது" என்று கண்டுகொள்ளும்போது அந்தக் கூட்டத்தை அடக்குகிறது. ஆக, முடங்குவது தானாக வருவது. 'என்னால் மாற்ற முடியும்' என்பதுதான் அனுபவத்தில் கற்கவேண்டியது. பெயர் பழக்கமாகிவிட்டதால் பழைய பெயரிலேயே சொல்கிறோம், உள்ளே விஷயம் இதுதான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "ஏன் இப்படி முடங்கிட்ட?" என்று கேட்பதிலேயே தப்பு இருக்கிறது. முடங்குவதற்குத் தனியாக ஒரு பலவீனம் தேவையில்லை. நீண்ட காலம் பலன் தெரியாமல் உழைத்த யாருக்கும் அது வரும்.

தேவகோட்டைப் பையனிடம் வருவோம். குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்கள் பல லட்சம் பேர், இடங்கள் சில ஆயிரம். தேர்வு, அப்புறம் முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பு, முடிவு வந்தால் ஒரு மதிப்பெண், ஒரு தரவரிசை எண். எந்தப் பாடத்தில் கூடுதலாக உழைத்தது எவ்வளவு உதவியது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. நன்றாகப் படித்த வருடமும் கிடைக்கவில்லை, பாதி படித்த வருடமும் கிடைக்கவில்லை. அவருடைய மூளை போடுகிற கணக்கு, அந்தத் தேர்வைப் பொறுத்தவரை, அவ்வளவு தவறானதும் இல்லை. ஆபத்து என்னவென்றால் அது அந்தத் தேர்வோடு நிற்பதில்லை. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க மாட்டார், பல் வலிக்கு மருத்துவரிடம் போக மாட்டார், நண்பன் சொன்ன வேலைக்கு ஒரு போன் போட மாட்டார். இவை எல்லாம் செய்தால் பலன் கிடைக்கிற காரியங்கள்தான். குழாயில் காற்று ஏறிவிட்டது, மோட்டார் சுற்றுகிறது, தண்ணீரைப் பிடிக்கவில்லை.

சுருக்கமாக: துன்பத்தின் அளவைவிட, நம் செயலுக்குப் பலன் தெரிகிறதா என்பதுதான் நம்மை நகர்த்துகிறது அல்லது நிறுத்துகிறது.

போட்டது போய்விடுமே என்ற பயம்

இரண்டாவது காரணத்துக்கு எங்கள் பக்கத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவற்றில் ஒரு வீட்டுக்கு இன்று பல பங்குதாரர்கள். தாத்தாவோ அவருடைய அப்பாவோ பர்மா தேக்கில் தூண் நிறுத்தி, சுவரை முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பில் இழைத்துக் கட்டிய வீடு. இப்போது வளவில், அதாவது நடு முற்றத்துப் பகுதியில், ஒரு பக்கம் ஓடு இறங்கியிருக்கிறது, மழைக்காலத்தில் பட்டாலை என்கிற கூடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. விற்கலாமா என்றால் மனசு வரவில்லை. பழுது பார்க்கலாமா என்றால் எல்லாப் புள்ளியும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும், காசு போட வேண்டும். தங்கும் விடுதியாக மாற்றலாமா என்றால் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு வருடக்கணக்கில் போகிறது, வீடு தானாகத் தன் முடிவை எடுத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றாக வேலை செய்கின்றன. முதலாவது இழப்பு அச்சம்: ஒரு பொருள் கிடைப்பதில் வரும் மகிழ்ச்சியைவிட அதே பொருள் போவதில் வரும் வருத்தம் பெரியது. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-ல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள், 2002-ல் கானமனுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நூறு ரூபாய் தொலைந்த வருத்தத்தை ஈடுகட்ட ஏறக்குறைய இருநூறு ரூபாய் கிடைக்க வேண்டும் என்பது சோதனைகளில் அடிக்கடி வருகிற அளவு. அதனால்தான் நல்ல மாற்றம்கூட முதலில் நட்டமாகவே கண்ணில் படுகிறது.

இரண்டாவது, திரும்பி வராத செலவு. ஏற்கெனவே போட்ட பணம், உழைப்பு, வருடங்கள். இனி என்ன முடிவு எடுத்தாலும் திரும்பாதவை. அறிவு சொல்வது, அதை விட்டுவிட்டு இனிமேல் நடப்பதை மட்டும் பார் என்று. மனசு கேட்பதில்லை. 1985-ல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் வருடச் சந்தா வாங்க வந்தவர்களில் சிலருக்கு எதிர்பாராமல் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். சீட்டும் நாடகங்களும் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் முழு விலை கொடுத்தவர்கள்தான் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் பிடித்ததா என்பதைவிட, கொடுத்த காசு அவர்களை இழுத்து வந்திருக்கிறது. பிடிக்காத படிப்பின் மூன்றாம் வருடமும், ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்காகவே ஒட்டிக்கொண்டிருக்கிற வெளிநாட்டு வேலையும், ஓடாத கடைக்கு வருடா வருடம் கட்டுகிற வாடகையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மூன்றாவது, இருப்பது இருக்கட்டும் என்ற சாய்வு. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், ஆனால் அது முடிவு மாதிரி தெரியாது. விற்றுவிட்டு விலை ஏறினால் "நான் விற்றேன்" என்று வருத்தப்படுவோம். விற்காமல் வீடு இடிந்தால் "காலம்" என்று சொல்லிக்கொள்வோம். பழி வராத பக்கம் மனம் சாய்கிறது.

ஆனால் பழைய தலைமுறையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போன செட்டிநாட்டு நகரத்தார் நிலம் வாங்கிக் குவிக்கவா போனார்கள், வட்டிக்குக் கடன் கொடுக்கத்தான் போனார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், ஈட்டுக்கு வந்த நிலம் கையில் தேங்கியது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த அவர்களின் நிலம் 1937-ல் இருபத்தைந்து பங்கு ஆனது. தூக்கிக்கொண்டு வரமுடியாத சொத்து. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அதற்குப் பிறகும் அந்த நிலம் திரும்பக் கிடைக்கும் என்று காத்திருந்த குடும்பங்கள் இருந்தன, சுதந்திரம் பெற்ற பர்மாவின் அரசு நிலத்தைத் தேசியமயமாக்கியபோதுதான் அந்தக் காத்திருப்பு முடிந்தது. தொழிலதிபர் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டுவந்ததை இங்கே மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள், சொல்லவேண்டியதும்தான். ஆனால் நின்றுபோன ஒருவரிடம் "அழகப்பரைப் பார்" என்று சொல்வது நியாயமில்லை. அவரிடம் நகர்த்துவதற்குச் செல்வம் இருந்தது. எல்லாவற்றையும் ரங்கூனில் விட்டுவிட்டு வந்தவரிடம் அது இல்லை.

இந்தப் பகுதியின் சாரம்: போனதைப் பாதுகாக்க நினைத்து இருப்பதையும் வருவதையும் விடுகிறோம். இது முட்டாள்தனம் அல்ல, எல்லா மனித மனத்துக்கும் பொதுவான சாய்வு.

வோல்டேஜ் குறைவு: காசுக் கவலை மனதின் இடத்தைத் தின்கிறது

2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வு நம் தமிழ்நாட்டில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்குப் பணம் வருடத்தில் ஒரு தடவை மொத்தமாக வரும். அறுவடைக்கு முன்னால் கை வறண்டிருக்கும், அதற்குப் பிறகு கொஞ்சம் தாராளமாக இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் ஒரே விவசாயிக்கு இரண்டு சமயத்திலும் ஒரே வகைப் புதிர்களையும் கவனச் சோதனைகளையும் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன்னால், நகையெல்லாம் அடகில் இருக்கும்போது, அதே மனிதர் குறைவாகச் செய்தார். பிறகு கூடுதலாகச் செய்தார். மூளை மாறவில்லை, ஆளும் மாறவில்லை.

இவர்கள் இதற்கு வைத்த விளக்கம், மனக் கொள்ளளவு குறைகிறது என்பது. ஒரே சமயத்தில் நினைவில் வைத்து யோசிக்கவும், ஆசையை அடக்கவும், திட்டமிடவும் நம்மிடம் உள்ள இடம்தான் மனக் கொள்ளளவு. வட்டி கட்டவேண்டிய தேதி, நகைக்கடன் ஏலத்துக்குப் போகுமா, பள்ளிக்கூடக் கட்டணம், மளிகைக்கடை பாக்கி, இவை அந்த இடத்தை அடைத்துக்கொள்கின்றன. நம் சீமையும் கண்மாயை நம்பின வறண்ட பூமிதான், மழை தப்பினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. இப்படிப்பட்டவரிடம் போய் "அஞ்சு வருஷத் திட்டம் என்ன?" என்று கேட்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. கடன் நெருக்கடியில் இருப்பவருக்கு ஊக்கப் பேச்சைவிட, ஒரு விண்ணப்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பது அதிகம் உதவும்.

உடம்பும் இதில் சேர்த்தி. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இரண்டுமே ஆளை அப்படியே சோர்ந்துபோக வைக்கும், அதுவும் பெண்களுக்கு. ஒரு ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள்.

யோசிப்பது மாதிரி இருக்கும், யோசனை அல்ல

நின்றுபோனவர்கள் யோசிக்காமல் இல்லை, விடாமல் யோசிக்கிறார்கள். இந்த யோசனையைத்தான் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்தார். தமிழில் நாம் அசைபோடுதல் என்று சொல்லலாம்: ஒரே கவலையை, ஒரே கேள்வியை, முடிவுக்கு வராமல் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டுவது. மனச்சோர்வை இது நீட்டிக்கிறது, தீவிரமாக்குகிறது, பிரச்சினையைத் தீர்க்கிற திறனையும் குறைக்கிறது என்பது அவருடைய ஆய்வுகளில் தெரிந்தது.

அசைபோடுகிறோமா, உண்மையிலேயே யோசிக்கிறோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வியைப் பாருங்கள். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?", "அன்னிக்கே அந்த வேலையை எடுத்திருந்தா?" என்று போனால் அசைபோடுதல். யோசனை என்றால் கடைசியில் ஒரு தேதியோ, ஒரு தொகையோ, பேசவேண்டிய ஒரு ஆளின் பெயரோ கையில் நிற்கும். ஒரு மணி நேரம் யோசித்தும் இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் எழுந்துவிடுவது நல்லது.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது தவிர்ப்பு. வங்கியிலிருந்து போன் வருகிறது, எடுக்கவில்லை, உடனே நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் பரிசு. பரிசு கிடைத்த செயலை மூளை மறுபடியும் செய்யச் சொல்லும். அடுத்த தடவை போனைப் பார்க்கவே பயம் இன்னும் கூடியிருக்கும். பயம் குறைவதற்காகச் செய்கிற காரியமே பயத்தை வளர்க்கிறது. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதும் இதே ரகம்தான், "என்ன பண்றே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே.

தண்ணீர் ஊற்றிப் பிடிக்க வைப்பது

காற்றுப் பிடித்த மோட்டாரை மெக்கானிக் என்ன செய்வார்? மேலே மூடியைத் திறந்து வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றுவார். அது குழாயை நிறைத்த பிறகுதான் மோட்டார் தானாக இழுக்கும். இதைத்தான் மனநல மருத்துவம் செயல்வழித் தூண்டல் என்கிறது. மனசு சரியான பிறகு செயல்படலாம் என்று காத்திராமல், சின்னச் சின்ன செயல்களை முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்து, அதன் வழியாக மனநிலையை மாற்றுவது.

நாய்ச் சோதனையிலும் இதே பாடம் இருக்கிறது. முடங்கிய நாய்களை அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள், அவை வரவில்லை. கடைசியில் கயிற்றைக் கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார்கள், ஒரு தடவை அல்ல, பல தடவை. அப்புறம்தான் அவை தாமாகத் தாண்ட ஆரம்பித்தன. பேச்சால் வராத மாற்றம் கால்கள் அந்த வழியில் நடந்தபிறகு வந்தது.

மனிதர்களிடம் இது பலிக்குமா என்றால், நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். கோவாவில் சங்காத் என்ற அமைப்பு 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வுகள், அடிப்படை முறை செயல்வழித் தூண்டல். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

இதில் எல்லோரும் தவறவிடுகிற ஒன்று, செயல் சின்னதாக இருப்பது மட்டும் போதாது, அதன் பலன் அன்றைக்கே கண்ணில் தெரியவேண்டும். "வேலை தேடணும்" என்பது செயல் அல்ல. "திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பேன்" என்பது செயல், வெளியே வரும்போது கையில் ஒரு ரசீது இருக்கும். அந்த ரசீதுதான் மூளைக்குச் செய்தி. பங்கு வீட்டைப் பொறுத்தவரையும் அப்படித்தான்: வீட்டை என்ன செய்வது என்ற பெரிய கேள்வியை ஒரு வருடம் ஒத்திவையுங்கள். பங்காளிகள் எல்லோரும் படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படையல் போடுவதற்கு, கூடுகிற அன்று, இறங்கிய ஓட்டை மாற்ற ஆளுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பேசி வசூலியுங்கள். ஓடு மாறினால் அடுத்த பேச்சு வேறு மாதிரி இருக்கும். தேர்வுக்குப் படிக்கிறவர் வாரத்தில் ஒருநாளாவது பலன் உடனே தெரிகிற வேறு வேலை ஒன்றை வைத்துக்கொள்ளலாம், டியூஷன் எடுப்பதோ அப்பாவின் கடையில் கணக்கு எழுதுவதோ எதுவானாலும் சரி. அது படிப்புக்கு இடைஞ்சல் இல்லை, அதுதான் படிப்பைத் தாங்கும்.

வால்வை வேறு யாரோ மூடியிருந்தால்

எல்லாம் மனதில்தான் இருக்கிறது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளே இல்லாத பெண்ணுக்கு நேர்மறை எண்ணம் ஒரு மணி நேரத்தைக்கூடத் தராது. வாரத்தில் இரண்டு பிற்பகல் கணவரோ கொழுந்தனாரோ அந்தப் பொறுப்பை ஏற்றால்தான் அவருக்கு வழி திறக்கும். கந்துவட்டியில் சிக்கியவருக்குத் தேவை சட்ட உதவி. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பாகப்பிரிவினையில் ஒருவர் ஒத்துழைக்காவிட்டாலும் மற்றொரு பங்குதாரர் நீதிமன்றம் போக முடியும். இழுத்தடிக்கும்தான், ஆனால் வழி இருக்கிறது. சாதி பார்த்து வாடகைக்கு வீடு மறுக்கப்படுகிறவரிடம் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவது அவரை அவமதிப்பது.

அதேபோல் மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனசு இருண்டு கிடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ சாப்பாடோ கெட்டுவிட்டது என்றால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் சிகிச்சை கிடைக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

1976-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், விரும்பினால் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள், செடிக்கும் அவர்களே தண்ணீர் ஊற்றுவார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள்.

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தினமும் போன் செய்து "ஆச்சி, நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்கிற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதைத் தயவுசெய்து யோசிக்கவேண்டும். அன்பில் சொல்வதுதான். ஆனால் சமையலுக்கு யார் வருவது, எந்த அறையைத் திறந்து வைப்பது, படைப்புக்கு யார் யாருக்குச் சொல்லிவிடுவது என்ற முடிவுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் அவருக்கு என்ன மிச்சம்? போனில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு, அவர் முடிவு செய்யவேண்டிய ஒரு விஷயத்தையும் கேளுங்கள், அவர் சொன்னபடி செய்துவிட்டு, செய்ததையும் அவரிடம் சொல்லுங்கள். தேர்வுக்குப் படிக்கிற பையனிடமும் அதேதான்: "எப்ப ரிசல்ட்?" என்ற கேள்விக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது, "இந்த வாரம் மின்கட்டணம் நீ கட்டிடறியா தம்பி?" என்பதை அவரால் செய்ய முடியும்.